தெரியாத மண்ணுக்கு யார் பொறுப்பு? நிலத்தடிப் பெருந்திட்டங்களும் நிச்சயமின்மையும்

பாலம் கட்டுகிறவர் தனக்கு வேண்டிய இரும்பையும் சிமென்ட்டையும் கேட்டு வாங்கலாம். தரம் சரியில்லையென்றால் லாரியைத் திருப்பி அனுப்பலாம். சுரங்கம் தோண்டுகிறவருக்கு அப்படிப்பட்ட உரிமை எதுவும் கிடையாது. அவருடைய முதன்மையான கட்டுமானப் பொருள் அங்கே ஏற்கெனவே கிடக்கும் மண்ணும் பாறையும் நீரும்தான். அவை எப்படிப்பட்டவை என்பது தோண்டிய பிறகுதான் முழுதாகத் தெரியும். விலை பேசுவதும் கையெழுத்திடுவதும் திறப்பு விழா நாளை அறிவிப்பதுமோ தோண்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. நிலத்தடித் திட்டங்களின் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. அந்தத் தெரியாமையை உலகம் எப்படிக் கையாண்டிருக்கிறது, நாம் எங்கே நிற்கிறோம் என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் காலடி மண்

வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் ஒதியம்பட்டு போன்ற ஊர்களில் இந்தச் சிக்கல் எல்லோருக்கும் பழக்கமானது. இங்கே மெட்ரோ இல்லை, மலைச் சுரங்கம் இல்லை. ஆனால் போர் போடாத தெரு இல்லை. ரிக் வண்டி வந்து துளைக்கத் தொடங்கியதும் வீட்டுக்காரர் வெளியே வரும் சேற்றின் நிறத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அடுத்த வீட்டில் நல்ல மணல் கிடைத்த ஆழத்தில் இந்த வீட்டில் களி வரும். எத்தனை அடிக்குக் கேசிங் பைப் இறக்குவது என்பதை அந்த நேரத்தில்தான் முடிவு செய்கிறார்கள்.

இதற்கான காரணம் நிலவியலில் இருக்கிறது. புதுச்சேரிப் பகுதியில் சங்கராபரணியும் தென்பெண்ணையும் கொண்டுவந்து சேர்த்த வண்டல் மேலே கிடக்கிறது. அதன் கீழே கடலூர் மணற்கல், அதற்கும் கீழே வானூர், ராமநாதபுரம் மணற்கற்கள் என்று வெவ்வேறு காலத்து அடுக்குகள் உள்ளன. திருவக்கரையில் நாம் பார்க்கும் கல்மரங்கள் கடலூர் மணற்கல்லில் புதைந்து கல்லானவை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் இதே படிவத் தொகுதியைச் சேர்ந்ததுதான். பாகூர்ப் பகுதியிலும் பழுப்பு நிலக்கரி இருப்பது துளையிட்டுக் கண்டறியப்பட்டு, தேசிய இருப்புக் கணக்கில் புதுச்சேரியின் பெயரில் 416 மில்லியன் டன்னுக்கு மேல் பதிவாகியிருக்கிறது.

நெய்வேலி இந்தப் பொருளுக்கு நமக்கு மிக அருகிலுள்ள பாடம். 1930-களில் கிணறு தோண்டும்போது ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தென்பட்ட கரிய பொருளில் தொடங்கிய வரலாறு அது. கரி இருக்கிறது என்பது உறுதியான பிறகும் உடனே வெட்டி எடுக்க முடியவில்லை. நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்டிருந்த நிலத்தடி நீர், மேலுள்ள மண்ணை அகற்றினால் சுரங்கத் தளத்தையே பிளந்துகொண்டு மேலெழும் நிலை இருந்தது. அதனால் 1950-களின் தொடக்கத்தில் சோதனைச் சுரங்கம் தோண்டி, நீரை இறைத்துப் பார்த்து, அழுத்தத்தைக் குறைக்க முடியும் என்று உறுதி செய்த பிறகே பெருந்திட்டத்தில் இறங்கினார்கள். 1957-இல் சுரங்கப் பணி தொடங்கி, 1961 ஆகஸ்டில் கரி கண்ணில் பட்டது. இன்றும் இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டேதான் அங்கே கரி வெட்டுகிறார்கள். சிறிய அளவில் செய்து பார்த்து, ஆபத்தின் அளவைத் தெரிந்துகொண்டு, பிறகு பெரிய முதலீட்டைப் போட்ட அந்த வரிசை முறை நினைவில் வைக்க வேண்டிய ஒன்று.

தெரியாமையின் மூன்று வகைகள்

நிச்சயமின்மை என்று ஒரே சொல்லால் சொன்னாலும் அதில் மூன்று வகை கலந்திருக்கிறது. முதலாவது, இயற்கையின் வேறுபாடு. ஒரே தெருவில் பத்து மீட்டருக்கு ஒரு தரம் மண் மாறினால் அதை யாராலும் தடுக்க முடியாது. இரண்டாவது, நம் அறியாமை. பாறை எங்கே முடிகிறது, பழைய கிணறு எங்கே மூடப்பட்டது என்பதெல்லாம் தேடினால் தெரியக்கூடியவை. தேடாததால்தான் தெரியாமல் போகின்றன. மூன்றாவது, மனிதர்களும் ஒப்பந்தங்களும் உண்டாக்கும் நிச்சயமின்மை. ஒப்பந்ததாரரிடம் பணம் தீர்ந்துபோவது, வடிவமைத்தவருக்கும் தோண்டுகிறவருக்கும் பேச்சு இல்லாமல் போவது, கெட்ட செய்தியைச் சொன்னவர் திட்டு வாங்குவது எல்லாம் இதில் அடங்கும்.

முதல் வகைக்கு இடம் விட்டு வடிவமைக்க வேண்டும். இரண்டாவதைப் பணம் செலவழித்துக் குறைக்க வேண்டும். மூன்றாவதற்கு நிர்வாகத்தைத் திருத்த வேண்டும். ஒரு விபத்து நடந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து “எதிர்பாராத நிலவியல் சூழல்” என்று அறிக்கை எழுதுவது, எதைத் திருத்த வேண்டும் என்பதையே மறைத்துவிடுகிறது.

சென்னை மெட்ரோ சொல்லும் பாடம்

தமிழ்நாட்டில் இதை நேரில் காட்டிய பெரும்பணி சென்னை மெட்ரோ. 2009-இல் ஒப்புதல் பெற்ற முதல் கட்டத்தின் சுமார் 45 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் நிலத்தடியில் ஓடுகிறது. சென்னையின் அடிமண் ஒரே மாதிரியானது அல்ல. வடக்கிலும் கடலோரத்திலும் மணலும் களியும் நிறைந்த வண்டல். தெற்கே கிண்டி, பல்லாவரம் பக்கம் சார்னோகைட் என்னும் கடும்பாறை. இரண்டும் சந்திக்கும் இடங்கள்தான் பொறியாளர்களைச் சோதிப்பவை. சுரங்கம் தோண்டும் இயந்திரத்தின் சுமார் ஆறரை மீட்டர் விட்டமுள்ள முகத்தின் கீழ்ப்பாதி பாறையிலும் மேற்பாதி இளகிய மண்ணிலும் இருந்தால், பாறையை வெட்டுவதற்குள் மேலிருக்கும் மண் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிடும். அப்படி வந்த மண்ணின் இடத்தில் ஏற்படும் வெற்றிடம் மெல்ல மெல்ல மேலேறிச் சாலையை அடையும்.

2017 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அண்ணா சாலையில் சர்ச் பார்க் அருகே சாலை திடீரென உள்வாங்கியது. கீழே மெட்ரோ சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்தது. ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கி நின்றன. பயணிகள் அவசரமாக வெளியேறினார்கள். உயிர்ச்சேதம் இல்லை என்பதால் அந்தப் படங்கள் சில நாட்களில் மறந்துபோயின. ஆனால் மாநகரின் முதன்மைச் சாலையில் போக்குவரத்தை நிறுத்தாமல் கீழே தோண்டும்போது, மண்ணின் தளர்ச்சியை முன்கூட்டியே அறிந்து மேலே கட்டுப்பாடு விதிக்கும் ஏற்பாடு எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்பதை அந்தப் பள்ளம் காட்டியது.

அதே அண்ணா சாலை வேறொரு பாடத்தையும் தந்தது. அங்கே நிலத்தடிப் பணியை எடுத்திருந்த கூட்டு நிறுவனத்தின் ஒப்பந்தம் 2015-இல் முறிந்தது. இயந்திரங்கள் பூமிக்குள் நின்றன. மறு டெண்டர் விட்டு, வேறு நிறுவனங்கள் வந்து முடிக்க வேண்டியதாயிற்று. முதல் கட்டத்தின் கடைசிப் பகுதியான தேனாம்பேட்டை டி.எம்.எஸ். – வண்ணாரப்பேட்டைப் பாதை 2019 பிப்ரவரி 10 அன்றுதான் திறக்கப்பட்டது. மண்ணால் வரும் தாமதத்துக்கு நிகராக ஒப்பந்தத்தால் வரும் தாமதமும் நகரத்தை வருத்தும்.

இப்போது 63,246 கோடி ரூபாய் மதிப்பீட்டில் நடக்கும் இரண்டாம் கட்டத்திலும் 40 கிலோமீட்டருக்கு மேல் நிலத்தடிப் பாதை இருக்கிறது. முதல் கட்டத்தில் கற்றவை இதில் எவ்வளவு பயன்படுகின்றன என்பதே இனிவரும் ஆண்டுகளின் கேள்வி.

முன்னாய்வுக்கு ஆகும் செலவு

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானைக்குள் சோறு சீராக வெந்திருப்பதால் அந்தக் கணக்கு சரி. பூமி அப்படிச் சீரானது அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து சென்டிமீட்டர் விட்டத்தில், ஐம்பது மீட்டருக்கு ஒன்று வீதம் சோதனைத் துளை போடுவதாக வைத்துக்கொள்வோம். ஆறரை மீட்டர் விட்டமுள்ள சுரங்கத்தில் அந்த ஐம்பது மீட்டருக்குத் தோண்டப்படும் மண் ஏறத்தாழ 1,650 கன மீட்டர். சுரங்கத்தின் உயரத்துக்குள் அந்தத் துளையிலிருந்து நம் கைக்கு வரும் மாதிரி ஒரு கன மீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். முப்பதாயிரம் பங்கில் ஒரு பங்கைப் பார்த்துவிட்டு மற்றதை ஊகிக்கிறோம்.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 80-க்கும் மேற்பட்ட சுரங்கத் திட்டங்களை ஆராய்ந்து 1984-இல் தந்த பரிந்துரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. திட்ட மதிப்பீட்டில் 3 சதவீதத்தை மண் ஆய்வுக்கு ஒதுக்க வேண்டும், சுரங்கத்தின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்குச் சோதனைத் துளைகள் போட வேண்டும் என்பது அதன் சாரம்.

சுவிட்சர்லாந்தின் 57 கிலோமீட்டர் கோத்தார்டு ரயில் சுரங்கத்தின் பாதையில் பியோரா என்னும் பகுதி குறுக்கிட்டது. அங்கே சர்க்கரைபோல் உதிரும் டோலமைட், அழுத்தமான நீரோடு கலந்து கிடக்கலாம் என்ற அச்சம் இருந்தது. அப்படியிருந்தால் திட்டமே நின்றுவிடும். அவர்கள் 1990-களில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஆய்வுக்கென்றே ஒரு தனிச் சுரங்கம் தோண்டி, அதிலிருந்து சாய்வாகத் துளையிட்டுப் பார்த்தார்கள். முதன்மைச் சுரங்கம் போகும் ஆழத்தில் பாறை உலர்ந்து உறுதியாக இருப்பது தெரிந்தது. திட்டத்தின் மிகப்பெரிய அச்சம் தோண்டுவதற்கு முன்பே நீங்கியது. 2016-இல் அந்தச் சுரங்கம் திறக்கப்பட்டது.

இந்தியாவின் மலைகளில் இப்படிப் பார்ப்பது எளிதல்ல. ரோத்தாங் கணவாயின் கீழே 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கத்தில், சேரி நாலா ஓடைக்குக் கீழிருந்த 587 மீட்டர் பிளவுப் பகுதியே முழுப் பணியின் மிகக் கடினமான பகுதியாக அமைந்தது. பணி தொடங்கியது 2010-இல். திறப்பு 2020 அக்டோபரில். தெலங்கானாவின் ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கமோ அம்ராபாத் புலிகள் காப்பகத்தின் அடியில் செல்கிறது. அங்கே மேலிருந்து துளையிட்டுப் பார்க்க வாய்ப்பு மிகக் குறைவு. 2025 பிப்ரவரி 22 அன்று அதன் கூரை இடிந்து, சேறும் நீரும் புகுந்து, 8 பேரின் உயிர் போனது. மேலிருந்து பார்க்க முடியாத இடத்தில் இயந்திரத்துக்கு முன்னால் கிடைமட்டமாகத் துளையிட்டுப் பார்த்துக்கொண்டே போவது முக்கியமான வழி. அதற்கு நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கால அட்டவணையில் முதலிலேயே எழுதி வைக்காத திட்டம், தொழிலாளரின் உயிரைப் பணயம் வைத்து ஓடுகிறது.

பார்த்துக்கொண்டே தோண்டுதல்

எவ்வளவு ஆய்ந்தாலும் மிச்சம் இருக்கும் தெரியாமையை என்ன செய்வது? மண் இயந்திரவியலின் முன்னோடி கார்ல் டெர்சாகியின் அனுபவத்தை ஒட்டி, ரால்ஃப் பெக் 1969-இல் ஓர் உரையில் கவனிப்பு முறை என்பதை வகுத்துச் சொன்னார். மிகவும் நடக்கக்கூடிய நிலையை வைத்து வடிவமை. மிக மோசமான நிலை எது என்பதையும் கணக்கிடு. எதை அளந்தால் வேறுபாடு தெரியும் என்று தேர்ந்தெடு. ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் என்ன செய்வது என்பதை முன்பே எழுதி வை. அளந்துகொண்டே வேலை செய். பணி நடக்கும்போது வடிவமைப்பை மாற்ற முடியாத இடத்தில் இந்த முறையைக் கையாளக் கூடாது என்ற எச்சரிக்கையையும் அவர் சேர்த்தார்.

இன்றைய மெட்ரோ பணிகளில் சாலையோரக் கட்டடங்களில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு பளபளப்பான குறிகளும், விரிசல்மேல் வைத்த அளவுகோல்களும், நிலத்தடி நீரின் அழுத்தத்தைக் காட்டும் பிசோமீட்டர்களும் இந்த முறையின் கருவிகள். அளவு ஓர் எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை; அடுத்த எல்லையில் நடவடிக்கை; மூன்றாவது எல்லையில் வேலை நிறுத்தம்.

கருவி மட்டும் காப்பாற்றாது என்பதற்குச் சிங்கப்பூர் சான்று. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை அருகே மெட்ரோ பணிக்காகத் தோண்டிய 30 மீட்டருக்கும் ஆழமான குழி சரிந்து 4 பேர் இறந்தார்கள். பக்கச் சுவர்களைத் தாங்கிய இரும்பு முட்டுகளின் இணைப்பு பலவீனமாக வடிவமைக்கப்பட்டிருந்தது; மண்ணின் வலிமையைக் கணினிக் கணக்கில் தவறாகக் கொண்டிருந்தார்கள் என்று விசாரணை கண்டது. சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகம் வளைந்ததை அளவிகள் காட்டியிருந்தன. வேலையை நிறுத்துவதற்குப் பதிலாக, புதுக் கணக்குப் போட்டு எல்லை அளவுகளையே உயர்த்தினார்கள். எந்த அளவில் நிறுத்துவது என்பதை வேலையை நடத்துபவரே மாற்றிக்கொள்ள முடிந்தால் அந்த எல்லைக்குப் பொருள் இல்லை. நிறுத்தும் அதிகாரம் தனியான ஒருவரிடம் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் மண் யாருடையது?

நம் நாட்டில் பழகிவிட்ட வழி, மிகக் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் தந்து, மண்ணின் ஆபத்து முழுவதையும் ஒப்பந்ததாரர் தலையில் ஏற்றுவது. பார்க்க அரசுக்கு லாபம்போல் தோன்றும். ஆனால் எதிர்பாராத பாறை வந்தால் வேலை நிற்கும், வழக்கு வரும், காலம் ஓடும். முடிவில் செலவு பொதுமக்களுடையதாகிவிடும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரச் சாலைச் சுரங்கத்தில், 17.5 மீட்டர் விட்டமுள்ள மாபெரும் இயந்திரம் 2013 டிசம்பரில் நின்றது. சற்று முன்னதாக அது எட்டு அங்குல இரும்புக் குழாய் ஒன்றில் மோதியிருந்தது. நிலத்தடி நீரை ஆய்வதற்காக மாநில அரசே 2002-இல் போட்டு விட்டுவிட்ட கிணற்றுக் குழாய் அது. இயந்திரம் பழுதானதற்குக் குழாய்தான் காரணமா, குழாய் இருப்பது ஒப்பந்ததாரருக்குத் தெரியுமா என்று வழக்கு நடந்தது. இயந்திரம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நின்றது. 2019 டிசம்பரில் நீதிமன்ற ஜூரி அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, ஒப்பந்ததாரர் 5.72 கோடி டாலர் தர வேண்டும் என்றது.

இத்தகைய சண்டையைக் குறைக்க உலகம் கண்ட வழி அடிப்படை மண் அறிக்கை. எந்த அளவு பாறை, எந்த அளவு நீர் வரும் என்று வைத்துக்கொண்டு விலை பேசுகிறோம் என்பதை அது ஒப்பந்தத்திலேயே எண்களால் எழுதிவிடுகிறது. அதற்குள் வருவது ஒப்பந்ததாரர் பொறுப்பு. அதை மீறி வருவது பணியை ஒப்படைத்தவர் பொறுப்பு. சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக், சுரங்கப் பணிகளுக்கென்றே 2019-இல் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தத்தின் மையம் இதுதான். 1994-இல் லண்டன் ஹீத்ரோ சுரங்கம் சரிந்தது போன்ற இழப்புகளுக்குப் பிறகு, காப்பீட்டு நிறுவனங்களும் சுரங்கப் பொறியாளர்களும் சேர்ந்து 2003-இல் ஆபத்து மேலாண்மை விதிமுறை வகுத்தார்கள். ஆபத்துப் பதிவேடு இல்லாத திட்டத்துக்குக் காப்பீடு இல்லை என்ற நிலை அதன் பிறகு பரவியது.

மேலே வசிப்பவரும் கீழே உழைப்பவரும்

2019 ஆகஸ்ட் 31 அன்று கொல்கத்தாவின் பவுபஜாரில் மெட்ரோ சுரங்க இயந்திரம் நீர் அடுக்கு ஒன்றைத் தொட்டது. பழைய வீடுகள் விரிசல் விட்டும் இடிந்தும் போயின. நூற்றுக்கணக்கானோர் உடுத்திய துணியோடு வெளியேறினார்கள். 2022-இல் மீண்டும் இருமுறை கசிவும் விரிசலும் ஏற்பட்டன. ஹூக்ளி ஆற்றின் அடியில் செல்லும் பகுதி 2024 மார்ச்சிலேயே திறந்துவிட, பவுபஜாரைத் தாண்டும் இணைப்பு 2025 ஆகஸ்டில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. ஆற்றைக் கடந்த பணி, குறுகிய தெருவைக் கடக்கத் திணறியது.

உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 2023 நவம்பர் 12 அன்று அடைபட்ட 41 தொழிலாளர்கள் 17-ஆம் நாள் மீட்கப்பட்டார்கள். நாடே மகிழ்ந்தது. ஆனால் 2018-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே தப்பிக்கும் வழி இருந்தது. சரிவு வந்த நாளில் அவர்கள் பயன்படுத்தக்கூடிய வழி எதுவும் இல்லை. ஏட்டில் இருந்த பாதுகாப்பு, தோண்டும் இடத்துக்கு வரவில்லை. இத்தகைய சுரங்கங்களில் இறங்குவோர் பெரும்பாலும் தொலைதூர மாநிலங்களிலிருந்து வரும் கூலித் தொழிலாளர்கள். ஆபத்தைப் பற்றிய பேச்சுகளில் அவர்கள் கடைசியில் நினைக்கப்படக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. நிச்சயமின்மையை ஒழிக்க முடியாது. ஆனால் அதை முன்கூட்டியே செலவழித்துக் குறைக்கலாம், நியாயமாகப் பங்கிடலாம், தினமும் அளக்கலாம், மறைக்காமல் சொல்லலாம். இந்த நான்கில் ஒன்று விடுபட்டாலும் மற்ற மூன்றும் காப்பாற்றா. என் கருத்தில், மண்ணின் ஆபத்தைச் சுமக்க வேண்டிய முதல் ஆள் அந்த நிலத்துக்குப் பொறுப்பான அரசே. மற்றவர்களுக்கு முன்பே ஆய்ந்து பார்க்கும் காலமும் பணமும் அதனிடம்தான் உள்ளன.

அதற்கான அடித்தள வேலையை ஒதியம்பட்டிலிருந்தே தொடங்கலாம். போடப்படும் ஒவ்வொரு போரும் பூமிக்குள் இலவசமாக எட்டிப் பார்க்கும் ஒரு வாய்ப்பு. புதுச்சேரியில் 2002-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் போர் போட்டவர்களைக் கேட்டால் எத்தனை அடி, தண்ணீர் நல்லதா உப்பா என்று சொல்வார்கள். எந்த ஆழத்தில் மணல் முடிந்து களி தொடங்கியது என்று எழுதி வைத்தவர்கள் அரிது. வறண்டு கைவிடப்பட்ட போர்கள் எங்கே என்பதும் பலருக்கு நினைவில் இல்லை. நாளைக்கு ஒரு பாதாளச் சாக்கடைக் குழாயோ, சுரங்கப் பாதையோ அந்த வழியே வந்தால், மறந்துபோன ஒரு கேசிங் பைப் வேலையை நிறுத்தக்கூடும்; பழைய துளை வழியே சேறு ஒரு வீட்டுக்குள் பொங்கி வரக்கூடும். மூடாத துளைகளில் குழந்தைகள் விழும் கொடுமையும் நாம் அறிந்ததே.

எனவே நிலத்தடி நீர் அதிகாரிகளுக்கும் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். போர் போட அனுமதி தரும்போதே, துளைக்கையில் வந்த மண்ணின் விவரத்தை அடிக் கணக்கோடு எழுதித் தருவதைக் கட்டாயமாக்குங்கள். கைவிட்ட துளைகளை முறைப்படி நிரப்பி வரைபடத்தில் குறியுங்கள். அந்தப் பதிவுகளை யாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: அடுத்த முறை ரிக் வண்டி வரும்போது, ஒவ்வொரு பத்து அடிக்கும் வெளியே வரும் மண் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். பத்து ஆண்டு கழித்து வரும் பொறியாளருக்கு அந்த ஒரு பக்கம் பல லட்சம் ரூபாயையும், ஒருவேளை ஓர் உயிரையும் மிச்சப்படுத்தும்.